தூக்கி எறிந்த ஜோடிகள்

மார்ச் 4

அன்புள்ள அண்ணா,

நம் ஆய்வுக் கட்டுரைக்கு ஒத்துவராத செல்களையெல்லாம் நீங்கள் தூக்கி எறிந்திருக்கிறீர்கள். நலமா என்று பிறகு கேட்கிறேன்.

மூளைப் புறணியில் அடக்கும் நியூரான், அருகிலிருக்கும் தூண்டும் நியூரான்களை ஒன்றுவிடாமல் தொடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எலி மூளைத் துண்டில் கண்ணாடி ஊசி வைத்து ஜோடி ஜோடியாகச் சோதித்தவள் நான். தொடர்பே இல்லாத ஜோடிகள் எத்தனையோ இருந்தன. அவை எங்கே?

நீங்கள் பெரியம்மா மகன். அதனால்தான் ஆய்வகத் தலைவரிடம் போகாமல் முதலில் உங்களுக்கு எழுதுகிறேன்.

தங்கை


மார்ச் 11

அன்புள்ள வாயாடிக்கு,

சுகம். நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

மூளையைச் சீவும்போது கத்தி சில நியூரான்களின் இழையையும் அறுத்துவிடுகிறது. இழை அறுந்த செல் யாரைத் தொடும்? கையை வெட்டிவிட்டு ‘ஏன் கும்பிடல?’ என்று கேட்பாயா? அந்தச் செல்களைத்தான் நீக்கினேன். தலைவரே பார்த்துவிட்டு, “இப்பதான்பா படம் சுத்தமா இருக்கு” என்றார்.

கட்டுரையில் உன் பெயர் இரண்டாவது. உன் வேலை ஒப்பந்தம் முடியப்போவதும் எனக்குத் தெரியும். உன் வயிற்றில் நீயே அடித்துக்கொள்ளாதே. சித்தியைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்


மார்ச் 19

அண்ணா,

செல்லைப் பற்றிக் கேட்டால் சோற்றைக் காட்டுகிறீர்கள். இந்த மேலிடத்துப் புத்தி எப்போது வந்தது?

இழை அறுந்ததா என்று பார்ப்பவருக்கு, அந்த ஜோடியில் தொடர்பு இருந்ததா என்பது தெரியக்கூடாது. “விடையப் பாத்துட்டு வினாவத் திருத்தாதடி” என்று என்னைத் திட்டியவரே நீங்கள்தான். இப்போது தொடர்பில்லாத ஜோடிகளில் மட்டும் அறுந்த இழையைத் தேடியிருக்கிறீர்கள். நேற்று மற்றவற்றை நுண்ணோக்கியில் பார்த்தேன். தொடர்புள்ள ஜோடிகளிலும் இழை அறுந்த செல்கள் இருக்கின்றன. அவற்றை மட்டும் ஏன் விட்டுவைத்தீர்கள்?

நீக்கிய செல்களின் கண்ணாடித் தகடுகள் அலமாரியில் இல்லை. நீங்கள் ஊர் மாறிப் போனபோது பெட்டியோடு எடுத்துச் சென்றதாகக் காவலாளி சொல்கிறார். வேண்டாத செல்லை யாராவது பத்திரமாகக் கொண்டுபோவார்களா?

தங்கை


ஏப்ரல் 15

அண்ணா,

பதில் இல்லை. தலைவரிடம் போனேன். “குடும்பத்துக்குள்ள பேசித் தீத்துக்கோங்கம்மா” என்றார். என் பெயரைக் கட்டுரையிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டேன். ஒப்பந்தம் நீளாது என்று மறுநாளே கடிதம் வந்தது. அம்மாவுக்கு என் மேல்தான் கோபம்: “அண்ணன் மேலயே பழி போடுறியாடி?”

நீங்கள் சொன்னது உண்மையாகவே இருக்கட்டும். அந்தச் செல்களின் இழைகளெல்லாம் அறுந்தே இருக்கட்டும். நான் மன்னிப்புக் கேட்கிறேன், பெரியம்மா முன்னாலேயே.

பெட்டியை அனுப்புங்கள்.


மே 20

அண்ணா,

பெட்டி இன்னும் வரவில்லை.