எதுவும் உடையாத ஜீப்

கிரீஸ் கையோடு சோற்றுக்கு உட்கார்ந்தால் கரண்டியால் புறங்கையில் ஒன்று போடுகிற என் அன்பு மதினிக்கு,

அன்றைக்கு உங்களை ஏற்றிய அந்த ஜீப்பை மறுபடி ஓடவைத்தேன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். அதன் சொந்தக்காரர், நாகலாபுரத்துப் பஞ்சு வியாபாரி, அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. "உயிர் போன வண்டி எனக்கு வேண்டாம்ப்பா" என்று நான் வேலை பார்க்கிற கோவில்பட்டிப் பட்டறையிலேயே விட்டுவிட்டார். வண்டிக்குத் தோஷமாம். ரோட்டுக்கு ஒரு தோஷமும் கிடையாதாம்.

அன்றைக்கு நீங்க பேறுகால வலியில் கண்ணை மூடிக் கிடந்தீங்க, என்ன நடந்தது என்று தெரிந்திருக்காது. மழையில் ஊறிய வண்டித்தடத்தில் முன்சக்கரம் இறங்கியதும், வண்டியின் பாரம் சுமக்கிற கமான் பட்டை ஒடிந்தது. எஞ்சினைத் தாங்குகிற மவுண்டிங் பிய்ந்து, எஞ்சின் முன்னால் சரிந்து, ஃபேன் ரேடியேட்டரைக் கிழித்துவிட்டது. உங்களை மாட்டுவண்டியில் மாற்றி ஏற்றினோம். விளாத்திகுளம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது நீங்களும் இல்லை, வயிற்றில் இருந்த பிள்ளையும் இல்லை.

அதற்கப்புறம் எனக்கு எதிரி அந்தக் கமான் பட்டைதான். முன்பக்கத்தை முழுசாகக் கழற்றினேன். பாரவண்டியின் தடித்த பட்டைகளைக் கொண்டுவந்து, சேஸில் பிடிமானங்களை இடம் மாற்றி வெல்டு வைத்தேன். பழைய பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு, நசுங்கிக் கிடந்த வேன் ஒன்றின் டீசல் எஞ்சினை ஏற்றினேன். பழைய மவுண்டிங்கில் அது உட்காரவில்லை. தகடு வெட்டிப் புதிதாகச் செய்து, ரப்பர் வைத்து முடுக்கினேன்.

பட்டறை அண்ணாச்சி சிரித்தார். "ஏலே, ஜீப்பு செய்யுதியா, ரோடு ரோலர் செய்யுதியா?"

"உடையக் கூடாது அண்ணாச்சி."

"உடையாதுலே. இது மோதுனா மலைதான் உடையும்."

இன்னொரு சேதி. எப்படிச் சொல்வது? அண்ணன் உங்க தங்கச்சியைக் கட்டிக்கொண்டான். உங்க மகள் முத்துவுக்காக என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். வருத்தமா மதினி? அவளை மதினி என்று கூப்பிட எனக்கு இன்னும் வாய் வரவில்லை. அவளுக்குக் கார்த்திகையில் பேறு.

தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்ததும் உங்க அம்மா வீட்டுக்கு, கடம்பூருக்குப் போயிருக்க வேண்டியவள். அங்கே தார் ரோடு இருக்கிறது, ரயில் நிற்கிறது. ஆனால் போக மாட்டேன் என்கிறாள். "முத்து பள்ளிக்கூடத்த விட்டுட்டு எங்க வருவா? இங்கனயே பெத்துக்கிடுதேன். வாசல்ல கொழுந்தனாரு ஜீப்பு நிக்குது, எனக்கென்ன?" அண்ணனும் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான்: "தம்பி செஞ்ச வண்டி, யானை மாதிரி."

போன வாரம் ஐப்பசி மழை பிடித்தது. நானும் அண்ணனும் வண்டியை எடுத்துப் பார்த்தோம். கண்மாய்க்கரையைக்கூடத் தாண்டவில்லை. கரிசல் சக்கரத்தில் அப்பி, மட்கார்டுக்குள் இறுகி, முன்சக்கரம் சுற்றவே இல்லை. டீசல் எஞ்சினின் கனம் அமுக்க, மூக்கு பம்பர் வரை புதைந்துவிட்டது. சேற்றில் படுத்துக் கீழே பார்த்தேன். பட்டை ஒடியவில்லை. மவுண்டிங் அசையவில்லை. எதுவும் உடையவில்லை, மதினி. உடைந்திருந்தால் சரிசெய்திருப்பேன்.

அங்கிருந்து பார்த்தால் காற்றாலைகள் தெரிகின்றன. நீங்க போனபிறகு வந்தவை. இறக்கை ஏற்றிவரும் நீள லாரிகளுக்காக ஜல்லி கொட்டி ரோடு போட்டார்கள். கடைசிக் காற்றாலையின் காலடியோடு அந்த ரோடு நின்றுவிட்டது. இறக்கை போக வழி உண்டு, இடுப்பு வலி வந்தவள் போக வழி இல்லை. நம்ம ஊர் வரை மிச்சத்தையும் போடுங்கள் என்று யூனியன் ஆபீசில் கேட்டேன். "உங்க ஊர்ல எத்தன ஓட்டு இருக்கும்?" என்றார் ஒருவர், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

தோண்டி எடுத்து, சேற்றோடு கொண்டுவந்த வண்டியைப் பார்த்து உங்க தங்கச்சி சிரித்தாள். "என்ன கொழுந்தனாரே, யானையக் குளிப்பாட்டப் போனீயளா?"

"இது மழையில போகாது. நீ கடம்பூருக்குப் போயிரு."

"நீங்க செஞ்ச வண்டியா நின்னுபோகும்? சும்மா பயங்காட்டாதிய."

நான் என்ன செய்ய? அவளைப் பிடித்துவைத்திருப்பது நான் செய்த வண்டிதான்.

இன்றைக்கு நல்ல வெயில், தடம் காய்ந்திருக்கிறது. அண்ணன் காட்டுக்குப் போன பிறகு, மேலத்தெரு ஆட்டுக்காரர் மகன் மாடசாமியைக் கூப்பிட்டுக்கொண்டேன். வேப்பமரத்தில் செயின் மாட்டி, மவுண்டிங் போல்ட்டுகளைக் கழற்றி, எஞ்சினைத் தரையில் இறக்கிவிட்டோம். உங்க தங்கச்சி ஓடிவந்து கத்தினாள். "கிறுக்கு பிடிச்சிருக்கா உங்களுக்கு?" பிடிக்கட்டும். கத்தி முடித்து, அழுதுகொண்டே முத்துவின் துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

அப்போதுதான் மாடசாமிக்குச் சோறு கொண்டுவந்தாள் அவன் பெண்டாட்டி. அவளும் நிறைமாசம். அவளுக்குப் போக அம்மா வீடு இல்லை. கீழே கிடக்கிற எஞ்சினையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கும் கார்த்திகைலதாண்ணே. அதுக்குள்ள மாட்டிருவீயளா?"

நாளைக் காலையில் உங்க தங்கச்சியையும் முத்துவையும் மாட்டுவண்டியில் ஏற்றி, பஸ் பிடித்து, கடம்பூரில் உங்க அம்மா கையில் ஒப்படைத்துவிட்டுத்தான் திரும்புவேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு. மாடசாமி பெண்டாட்டிக்கு என்ன வாக்குக் கொடுக்க, மதினி?

உங்க கொழுந்தன்,
முத்துவின் சித்தப்பன்.