சொல்லிவிட்டுப் போகும் மனசு

இன்று காலை மண்ணச்சநல்லூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நெல் அவியும் வாசனை வந்தது. நாம் வாங்குவதென்னவோ பச்சரிசிதான். ஆனாலும் அந்த ஊர் புழுங்கல் வாசனையோடுதான் முதலில் வந்து கையைப் பிடிக்கும். "ஊரே ஒரு பெரிய இட்லிப் பானைடி" என்று நீ மூக்கைச் சுருக்குவாய். நீ இல்லாமல் அந்த வாசனைக்குள் நான் நடந்தது இன்றுதான் முதல் தடவை. மாவு வியாபாரத்தை மூடுகிறேன், இனி அரிசி வேண்டாம் என்று ரைஸ் மில்காரரிடம் நேரில் சொல்லத்தான் போனேன்.

எதிரே ஒரு லாரி தவிடு ஏற்றிக்கொண்டு போனது. பறந்த தவிட்டில் வெயில் பட்டு, தெரு முழுக்கப் பொன்னிறமாக ஏதோ மிதந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நடந்ததில் மில்லைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டேன். உனக்கு இதெல்லாம் புதிதா என்ன?

தென்னூரில் என் வீட்டுப் பின்கட்டு, ஒரு பெரிய இரும்புச் சட்டி, ஒரு சல்லடை, நாம் இரண்டு பேர். இடியாப்ப மாவு, புட்டு மாவு, இவ்வளவுதான் நம் சரக்கு. யோசனையெல்லாம் என்னுடையது, நிதானமெல்லாம் உன்னுடையது. மாவை வறுக்கும்போதே எனக்குச் சோப்பு செய்யத் தோன்றும். சோப்புக்கு அச்சு தேடும்போது துணிப்பை தைக்கத் தோன்றும். "முதல்ல சட்டியை இறக்குடி, அப்புறம் உலகத்தை ஏத்தலாம்" என்பாய்.

அந்த ஸ்டிக்கர் கூத்து நினைவிருக்கிறதா? கை ஒட்டிக்கொண்டிருந்தது, மனசு எங்கோ மிதந்துகொண்டிருந்தது. புட்டு மாவுப் பைகளில் எல்லாம் இடியாப்ப மாவு என்று ஒட்டி அனுப்பிவிட்டேன். உறையூரிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். "ஏங்க, நானும் எங்க வீட்டுக்காரரும் சேர்ந்து பிழியறோம், அச்சுலேர்ந்து ஒரு இழை வரலைங்க. இது மாவா, சிமெண்டா?" எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ போனை வாங்கி, "பிசைஞ்சதைக் கொழுக்கட்டையா பிடிச்சிருங்கம்மா. நல்ல மாவு நானே கொண்டாந்து தரேன்" என்றாய். வைத்த பிறகு சட்டி அதிரச் சிரித்தாய்.

நான் அழுதது மாவுக்காக இல்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சர், வீட்டில் அம்மா, வேலை பார்த்த ஆபீஸில் மேனேஜர், எல்லாரும் என்னைக் கேட்டது ஒரே கேள்விதான்: "எங்க போயிட்டே?" எனக்கே பதில் தெரியாது. இப்படிக் கவனம் நழுவிப் போவதற்கு ஏடிஎச்டி என்று பெயர் இருப்பதை, நீ இழுத்துக்கொண்டு போய்க் காட்டிய டாக்டர்தான் சொன்னார். மூளை அமைந்த விதம் அப்படி, சோம்பலும் இல்லை, திமிரும் இல்லை என்றார். இத்தனை வருஷம் வாங்கிய திட்டையெல்லாம் யாரிடம் திருப்பிக் கொடுப்பது என்று எனக்கு ஒரே ஆத்திரம்.

அன்று சாயங்காலம் ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபப் படித்துறையில் உட்கார்ந்திருந்தோம். காவிரியில் யாரோ விட்ட ஒரு செவ்வந்திப் பூ மெல்ல மிதந்து போனது. என் மனசும் அதோடு கிளம்பிவிட்டது. கல்லணை வரைக்கும் போயிருக்கும். திரும்பிப் பார்த்தால் நீ காலால் தண்ணீரை அளைந்தபடி காத்திருந்தாய்.

"கிளம்பறவளை எங்க போறேன்னு கேக்கக் கூடாதுடி, சகுனம் சரியில்லை. அதனால நான் கேக்க மாட்டேன். ஆனா நீ சொல்லிட்டுப் போ."

அதற்குப் பிறகு அதுவே நம் வழக்கமாகிவிட்டது. மனசு நழுவுவது தெரிந்ததும் "போயிட்டு வரேன்" என்பேன். நீ கரண்டியை வாங்கிக்கொள்வாய். நான் கொல்லைப் படியில் உட்கார்ந்து முருங்கை மரத்தைப் பார்த்துவிட்டு வருவேன். "வந்துட்டியா?" என்று மட்டும் கேட்பாய். முதலில் பாதி நாள் சொல்ல மறந்தேன். போகப் போக, மனசு செருப்பு மாட்டும்போதே எனக்குத் தெரிய ஆரம்பித்தது. புது யோசனை வந்தாலும் அதே சட்டம்தான். "போயிட்டு வா, ஆனா கடையையும் தூக்கிட்டுப் போயிடாதே" என்பாய். மாத்திரையும் உதவியது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என்னை நானே திட்டிக்கொள்வது நின்றது உன் பக்கத்தில்தான்.

ஆடியில் ஆறு நிறைந்து ஓடியபோது உன்னை ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். "போயிட்டு வரேன்டி" என்று கையை ஆட்டினாய். நான் எங்கே என்று கேட்கவில்லை. நீ வரவும் இல்லை. உன் மேல் எனக்கு இன்னும் கோபம்தான். ஊருக்கெல்லாம் சட்டம் சொன்னவள் நீயே மீறலாமா?

அப்புறம் அடுப்பு எரியவில்லை. அண்ணன் வந்து, "அந்தப் பொண்ணுதான் உனக்கு மூளையா இருந்துச்சு. இனி தனியா என்ன பண்ணுவே? பேசாம ஒரு வேலைக்குப் போ" என்றார். அவர் அக்கறையோடுதான் சொன்னார். நானும் நம்பினேன். நம்பித்தான் இன்று மில்லுக்குப் போனேன்.

விஷயத்தைச் சொன்னேன். மில்காரர் கணக்கு நோட்டை மூடி வைத்தார். "அவங்க இல்லாம கஷ்டம்தாங்க" என்றார். பேச்சு முடிந்தது. எழுந்து, "அப்ப போயிட்டு வரேங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. எல்லாரும் எல்லாரிடமும் சொல்வதுதான். ஆனால் உன்னோடு பழகிய பிறகு நான் அதை வெறும் வாய் வார்த்தையாகச் சொன்னதே இல்லை. சொன்னால் வந்திருக்கிறேன். ஒரு தடவைகூட வராமல் இருந்ததில்லை. நீ கரண்டியைத்தான் பிடித்தாய், திரும்பி வந்தது நான்தானே? வாசலில் கிடந்த செருப்பில் காலை விட்டபடி அப்படியே நின்றேன். பிறகு உள்ளே போனேன்.

"வந்துட்டீங்களா?" என்றார் மில்காரர்.

"ஒரு மூட்டை பச்சரிசி போடுங்க" என்றேன்.

திரும்பும்போது கொள்ளிடம் பாலத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். தூரத்தில் ஸ்ரீரங்கத்துக் கோபுரம் தென்னந்தோப்புக்கு மேலே மிதந்து வந்தது. அந்தப் பக்கம்தானே உன் வீடு. இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தவறவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நீ சிரிப்பாய்.

இப்போது சாயங்காலம். அடுப்பை மறுபடி பற்றவைத்துவிட்டேன், மீந்திருந்த மாவு சட்டியில் இருக்கிறது. கரண்டியை வாங்கிக்கொள்ள ஆளில்லாததால் மனசு கிளம்பும்போது அடுப்பை அணைக்கப் பழகிக்கொள்கிறேன். சற்று முன்புகூட அணைத்துவிட்டு, வாய்விட்டே "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கொல்லைப் படிக்கு வந்தேன். எங்கே என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உன் பெயரைச் சொல்லியிருப்பேன்.

மாவு ஆறுகிறது. வந்துட்டேன்டி.