தாரணிக்குக் காது குத்திய நாளில்

அன்புள்ள அத்தைக்கு,

இவ்வளவு நேரங்கெட்ட நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். மாமாவுக்கு மூட்டுவலி தேவலையா?

பெற்றவளே மகளின் காதுகுத்துக்கு வராமல் போனேன். கொட்டிவாக்கத்தில் புயல்மழை. காற்றின் ஈரத்தை அளக்கும் எங்கள் ஆய்வகத்து மைக்ரோவேவ் கருவியின் மூடிமேல் தண்ணீர் நின்றால், அதையும் வானத்து ஈரமாகக் காட்டிவிடும். தண்ணீரை ஊதித்தள்ளும் விசிறி பழுதாகிவிட்டதால், மொட்டைமாடியில் நின்று நான்தான் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

"இன்னா மேடம், மேகத்துக்குத் தலை துவட்டிக்கினு கீறீங்க?" என்றார் வாட்ச்மேன். நானும் சிரித்தேன். அந்நேரம் என் அண்ணன் மடியில் அவள் அழுதிருப்பாள். கண்ணை யார் துடைத்தீர்கள்?

தலைவழியாகப் போடும் சட்டை வேண்டாம் அத்தை, காதில் மாட்டும். பட்டன் வைத்ததையே போடுங்கள்.

என்னைத் தேடினாளா? தேடவில்லை என்றாலும் மறைக்காமல் சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

சரண்யா