அம்மாவுக்கென்று உரித்த சவ்வு

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசினால் சண்டை வந்துவிடும் என்பதால் உங்கள் கண் வங்கி வண்டிக்காரரிடமே இதைக் கொடுத்தனுப்புகிறேன். அம்மாவுக்கு வியாழக்கிழமை ஆபரேஷன். பார்வை மிச்சமிருக்கிற ஒரே கண். அவளோ, "நீயே பண்ணிடுடா, வேற யாரும் தொடக் கூடாது" என்கிறாள். தானமாக வந்த கருவிழியை முழுசாகவே அனுப்பு. அம்மாவுக்கு வைக்க வேண்டிய உள்சவ்வைத் தியேட்டரில் நானே உரித்துக்கொள்கிறேன்.

உன் தம்பி

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

முழுசாக அனுப்ப மாட்டேன். அந்தச் சவ்வின் செல்கள் செத்தால் திரும்ப முளைக்காது. அங்கே உரிக்கும்போது நசுங்கினாலும், மேஜையில் அம்மா படுத்திருப்பாள், வைத்தே ஆக வேண்டும். நான் இங்கே உரித்து, ஒரு ராத்திரி திரவத்தில் விட்டு, சாயம் போட்டு, எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்று பார்த்த பிறகே அனுப்புவேன். ஆரஞ்சுப் பழத்தையே பிழியாமல் உரிக்கத் தெரியாதவன் நீ! என் கை தப்பாது, போதுமா?

அக்கா

மார்ச் 5

தம்பி,

வண்டி வந்திருக்கும், சவ்வு வந்திருக்காது. நேற்று நானே உரித்தேன். கிழியாமல் வந்தது. இன்று சாயம் போட்டால் ஓரத்திலிருந்து நடுவரைக்கும் ஒரு நீலக் கோடு, எல்லாம் செத்த செல்கள். அம்மாவுக்கு, அம்மாவுக்கு என்று நினைத்தே இடுக்கியை இறுக்கிப் பிடித்திருக்கிறேன். அனுப்பியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், சில வருஷம் ஓடியிருக்கும், அப்புறம் கண் மங்கியிருக்கும். எனக்கு மனசு வரவில்லை.

அடுத்ததை என் சக டெக்னீஷியன் உரிப்பார். யாருக்கு என்று அவரிடம் சொல்லப்போவதில்லை. நீயும் கத்தியை உன் சீனியரிடம் கொடுத்துவிடு. நாம் இரண்டு பேரும் அவளுக்குப் பிள்ளைகளாக இருந்தால் போதும்.

அக்கா

மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

அந்தக் கடிதத்தைக் கசக்கிக் குப்பையில் போட்டேன். ஆபரேஷனைத் தள்ளிப்போட வைத்து, சீனியர் முன்னால் என்னைக் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வைத்துவிட்டாயே என்று ஆத்திரம். அதனால்தான் உன் போனை எடுக்கவில்லை.

ஆனாலும் கத்தியைக் கொடுத்துவிட்டேன். இரண்டாவது சவ்வில் கோடு எதுவும் இல்லை, கண்ணுக்குள் அழகாக விரிந்ததாகச் சீனியர் சொன்னார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தேன்.

இன்று பரிசோதித்தேன். கருவிழி தெளிவாக இருக்கிறது. டார்ச்சை இறக்கியதும் அம்மா என்னையே உற்றுப் பார்த்தாள்.

"யார் மேலடா இவ்ளோ கோவம்? மூஞ்சியிலேயே தெரியுதே."

"யார் மேலயும் இல்லம்மா" என்றேன். சொல்லி முடிக்கும்போது அது உண்மையாகிவிட்டது, அக்கா.

தம்பி