மரணப் பத்திரத்தில் எழுத வேண்டியது

ஹவுன்ஸ்லோ
14.10.1991

அன்புள்ள அம்மாவுக்கு மகள் கலாவதி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வீக்கம் வற்றிவிட்டதா? நான் சுகம்.

உங்கள் மருமகன், இவரின் மரணப் பத்திரத்தில் ‘விபத்து’ என்று போட ஊர் விதானையார் என் சம்மதம் கேட்டதாக எழுதியிருந்தீர்கள்.

நான் தேத்தண்ணி கொடுக்கும் கந்தோரில் போன கிழமை ஒரு கூட்டம். கொம்பியூட்டர் பாஷையில் எதெது இருக்கலாம் என்று தீர்மானித்துப் புத்தகமாக எழுதுகிறார்கள். ஒரு கட்டளையைச் சேர்ப்பதில் சண்டை வந்து, வேண்டாம் என்ற கிழவரின் மண்டையை மற்றவர் கோப்பையால் உடைத்துவிட்டார். நான்தான் துவாயால் அமத்திப் பிடித்தேன். கை முழுக்க இரத்தம். பயப்படாதேங்கோ, எனக்குக் காயமில்லை. முன்பு அப்படிப் பிடித்தது சந்தியில், இவரின் நெஞ்சை.

கூட்டத்துக்கு வந்த மதராஸ்காரர் குருமூர்த்தியிடம், “ஒரு சொல்லுக்கோ ஐயா இந்த அடி?” என்று கேட்டேன்.

“புத்தகத்துல தப்பா ஏத்திட்டா அப்புறம் எடுக்க முடியாதும்மா. எல்லாரும் அதையே சரின்னு எடுத்துப்பாங்க.”

கிழவர் தலையில் கட்டுடன் திரும்பி வந்து, வாக்கெடுப்பில் வேண்டாம் என்றே கை உயர்த்தினார்.

அம்மா, விதானையார் வெருட்டினாலும் சொல்லுங்கோ. சுட்டுக் கொன்றது என்று எழுதினால்தான் கையெழுத்து வைப்பேன்.

இவர் போட்டுக் கழற்றிய சேட்டு ஒன்றைத் தோய்க்காமல் அனுப்புங்கோ. வேலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது.

கலா