கட்டுச் சொன்ன மருந்து

மாமி, இன்று நடந்ததை ஒன்றும் மறைக்காமல் எழுதப்போகிறேன். எழுத்துகள் இன்னும் இரண்டிரண்டாகத் தெரிகின்றன. முறிந்த என் இடது கையை நேராக்கக் காலையில் மயக்க ஊசியுடன் வந்த தாதி மருந்தின் பெயரைச் சொன்னதும் உங்கள் நினைவுதான் வந்தது. கெட்டமின்.

கொதியெண்ணெய் ஊற்றுப்பட்ட உங்கள் காலைக் கழுவுவதற்கும் இதைத்தான் ஏற்றினார்கள். அம்மாவின் காதில் அது ‘கெட்ட மீன்’ என்று விழுந்தது. "ஒரு நாளும் கெட்ட மீன் வித்ததில்ல கா, எனக்கே ஏத்திட்டாங்க" என்று பெரியகல்லாற்றுச் சந்தை முழுவதும் சொல்லிச் சிரித்தீர்கள்.

ஆனால் அன்று உங்கள் மயக்கம் தெளியும்வரை யாரும் சிரிக்கவில்லை. உங்கள் கண்கள் திறந்திருந்தன, பார்வை எங்களிடம் இல்லை. கோயில் சடங்கில் தெய்வம் ஏறியவர்கள் வரப்போவதைக் கட்டுச் சொல்லும்போது அப்படித்தான் இருப்பார்கள். அம்மா கைகூப்பி, "தாயே, கட்டுச் சொல்லு" என்றார்.

"தோணி வந்திட்டு. ஏறுங்க" என்றீர்கள்.

"இது மருந்து செய்யிற வேலை. அவவைக் குழப்பாதீங்க" என்று அன்றைய தாதி அதட்டினார்.

பிறகு என்னிடம் மட்டும் சொன்னீர்கள்: "முகட்டில நிண்டு, கட்டில்ல கிடக்கிற என்னைப் பாத்தன் புள்ள. அவவுக்கு நொந்தது. எனக்கு நோகல்ல."

இரண்டு மாதத்தில் நெஞ்சுவலியில் போய்விட்டீர்கள். அன்றைக்கே கட்டுச் சொல்லிவிட்டீர்கள் என்று அம்மா இன்றும் நம்புகிறார்.

அதனால்தான் பயந்தேன். பட்டணத்து விடுதியில் தங்கிப் படிக்க அம்மா அரைமனதாகத்தான் சம்மதித்திருக்கிறார். என் வாயில் தண்ணீர், தோணி என்று ஏதாவது வந்துவிட்டால் போக விடமாட்டார்.

மருந்து ஏறியதும் கை யாருடையதோ ஆயிற்று. வெளிச்சம் சதுரம் சதுரமாக உடைந்தது. ‘நான்’ என்ற சொல்லைத் தேடினேன், அது கிடைக்கவில்லை.

தெளிந்தபோது அம்மா பக்கத்தில் இருந்தார்.

"நான் என்ன சொன்னன்?"

"தெரியா. நீ வாய் திறந்த உடன காதைப் பொத்திட்டன்."

பக்கத்துக் கட்டில் அக்கா சிரித்தார். "எனக்குக் கேட்டது. சொல்லட்டா?"

"வேணாம்."

மருந்து மூளையைக் குழப்பும், எதிர்காலத்தைச் சொல்லாது என்று எனக்குத் தெரியும், மாமி. ஆனாலும் அம்மாவுக்கு முந்தி ‘வேணாம்’ என்றது நான்தான். கேட்காத அந்தச் சொல்லையும் சேர்த்துக்கொண்டுதான் இனி விடுதிக்குப் போகவேண்டும்.

என் கண்ணுக்கு வெளிச்சம் ஆகாதென்று தாதி விளக்குகளை அணைத்துவிட்டார். இத்துடன் நிறுத்துகிறேன், மாமி.