பதின்மூன்றாவது குழாய்

மார்ச் 3

லேப்காரருக்கு,

சௌக்கியம்தானே என்று கேட்டுவிட்டுத்தான் வேலையைப் பேச வேண்டும். கேட்டாயிற்று.

ஐஸ் பெட்டியில் பன்னிரண்டு காட்டுக்கிளிகளின் மாதிரிகள் இருக்கின்றன. ஏரிக்கரைக் கூட்டத்தில் இரண்டு கிளிகளுக்கு இறகு கொட்டுகிறது. வைரஸ் என்று உறுதியானால், பரவாமலிருக்க அறுபது கிளிகளையும் வலைபோட்டுப் பிடித்துக் கொன்றுவிடுவார்களாம். நகராட்சி வெள்ளிக்கிழமை வரை கெடு வைத்திருக்கிறது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

பதின்மூன்றாவது குழாயில் எந்தப் பறவையையும் தொடாத வெறும் பஞ்சுக்குச்சி. நீங்கள் அடம்பிடிப்பீர்களே என்று வைத்தேன். சந்தேகத்தைக் கட்டிக்கொண்டு குடும்பம் நடத்துகிற மனிதர் நீங்கள். தினமும் மூன்று தடவை சமையல் கேஸை மூடினோமா என்று பார்ப்பீர்கள். அதற்குத்தானே இரண்டு வருஷம் முன்பு நான் கத்தினேன், நீங்களும் மாற்றல் வாங்கிக்கொண்டு போனீர்கள்.

நீங்கள் விட்டுப்போன சிறகொடிந்த கிளி, நம் வாயாடி, நலம். இன்னும் உங்கள் குரலில்தான் "கேஸை மூடினியா?" என்று கேட்கிறது.

கிளிடாக்டர்

மார்ச் 5

கிளிடாக்டருக்கு,

பன்னிரண்டிலும் வைரஸ் இருக்கிறது. அழாதே, முழுசாகப் படி. பதின்மூன்றாவதிலும் இருக்கிறது.

கிளியைத் தொடாத குச்சிக்கு நோய் எங்கிருந்து வரும்? என் பக்கம் மூன்று தடவை சரிபார்த்துவிட்டேன். சிரிக்காதே. உன் பக்கம் எங்கிருந்தோ இறகுத்தூசி விழுந்திருக்கிறது. அன்று என்ன உடுத்தியிருந்தாய்? மறைக்காமல் சொல்.

நகராட்சியிடம் ஒரு வாரம் அவகாசம் வாங்கிவிட்டேன்.

லேப்காரன்

மார்ச் 7

லேப்காரருக்கு,

உங்கள் பழைய கம்பளிக் கோட்டு.

குளிருக்குப் போட்டேன் என்று எழுதிப் பார்த்தேன், மனசு கேட்கவில்லை. இரண்டு வருஷமாக எங்கே போனாலும் அதுதான். வீட்டில் கழற்றிப் போட்டால் வாயாடி அதற்குள் புகுந்து தூங்கும். படித்த முட்டாள் நான். அறுபது உயிருக்கு எமனாகியிருப்பேன்.

குளித்து, புதுத்துணி மாற்றி, இன்று மறுபடி பன்னிரண்டும் எடுத்தேன். வெறும் குச்சி இரண்டு வைத்திருக்கிறேன், நீங்கள் கேட்காமலே. பதினைந்தாவது வாயாடியுடையது. அதை மட்டும் கடைசியாகத்தான் பெட்டியில் வைத்தேன்.

கிளிடாக்டர்

மார்ச் 10

கிளிடாக்டருக்கு,

காட்டுக்கிளிகள் பன்னிரண்டும் சுத்தம்! வெறும் குச்சிகளும் சுத்தம். இறகு கொட்டியதற்குக் காரணம் பூச்சி, மருந்து அனுப்பியிருக்கிறேன். நகராட்சி வலையைச் சுருட்டிக்கொண்டது. லேபில் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். எனக்கென்ன ஆயிற்று என்று அவர்கள் பயந்துவிட்டார்கள்.

வாயாடிக்குத்தான் வைரஸ் இருக்கிறது. இறகு கொட்டாமல் இருப்பதால் தானாகவே தேறிவிட வாய்ப்புண்டு. தொண்ணூறு நாள் தனி அறையில் வைத்து மறுபடி சோதிக்க வேண்டும். அதைத் தொட்ட கையோடு நீ காட்டுக்கிளிகளிடம் போகக் கூடாது. வீட்டில் இன்னோர் ஆள் வேண்டும்.

தொண்ணூறு நாள் விடுப்பு எழுதி மேஜையில் வைத்திருக்கிறேன். வரட்டுமா?

அந்தக் கோட்டைத் தேடித் தேடிக் களைத்துப்போனேன், தெரியுமா?

லேப்காரன்

மார்ச் 12

என்னங்க,

விடுப்பைக் கிழித்துப் போடுங்கள். மாற்றல் கேட்டு எழுதுங்கள்.

கோட்டைக் கொதிக்க வைத்துத் துவைத்ததில் சுருங்கிவிட்டது. இனி அது எனக்குத்தான் பொருந்தும், கேட்டுக்கொண்டு வராதீர்கள்.

இதை எழுதும்போதே வாயாடி கேட்டது. "மூடிட்டேன், போ" என்று அதட்டினேன். ஆனாலும் மனசு கேட்காமல் எழுந்துபோய்ப் பார்த்தேன்.

மூடவில்லை. சீக்கிரம் வாங்க.

உங்கள்
கிளிடாக்டர்